மாவுக்கட்டுக்காரர் கேட்ட பந்தய விளையாட்டு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் செல்லும் பேருந்தில், காலில் மாவுக்கட்டுடன் அமர்ந்திருந்த இளைஞர், தம் கையடக்க வீடியோ கேம் கருவியைக் காட்டி மைத்துனரிடம் மன்றாடினார்.

“ஆறு வாரம் வூட்லயே கெடக்கணும் மச்சான். பைக் ரேஸ் கேம் வாங்கிக் குடு.”

“ஸ்டாண்டு போட்டு நின்னுகினு இருந்த வண்டிலேர்ந்து வுழுந்தவனுக்கு ரேஸ் கேக்குதா? சீட்டுக்கட்டு கேம் போதும்.”

“மெதுவா பேசு. ஆபீஸ்ல லாரி இடிச்சிச்சின்னு சொல்லிக்கீறேன். பாக்க வர்றவங்க முன்னாடி சீட்டு ஆடினா கெத்து இன்னாத்துக்கு ஆவும்?”

“அப்ப லாரி ஓட்டற கேம் வாங்கித் தரேன். பழி வாங்கிக்க.”

இளைஞர் கருவியை ஸ்டியரிங் போல இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தார்.

“அதுல ஹாரன் அடிக்குமா மச்சான்?”

பின் இருக்கையிலிருந்து நான் கேட்ட இவ்வுரையாடலைத் தாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.