மூணாவது தட்டு

இல்ல தம்பி, கம்ப்யூட்டருக்குப் போற அந்த வயரை மாத்திப் பாத்தாச்சு. மூணு வயர் மாத்தினேன். முன்னாடி வயர் இல்லாத ஹெட்போன்ல கேட்டுட்டிருந்தேன், அதுல சத்தம் லேட்டாத்தான் வரும்னு உங்க கடையிலயே சொன்னாங்க. அதையும் தூக்கிப் போட்டாச்சு. பஃபரா, சத்தத்தைக் கொஞ்சம் தேக்கி வெச்சு விடுமே அதுவா? அதையும் குறைச்சேனே. ரொம்பக் குறைச்சா எண்ணெயில கடுகு போட்ட மாதிரி படபடன்னு வெடிக்குது. கூட்டினா நான் மீட்டி முடிச்சப்புறம் காதுக்கு வருது. நடுவுல வெச்சிருக்கேன்.

அந்த நாற்காலி ஆடும் பிரணீல். இப்படிப் பாய்ல உக்காருங்க.

விஷயம் என்னன்னா, எங்க பாட்டுக் கூட்டத்துல ஏழு பேர். ஆறு பேரோட குரலும் கிட்டாரும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. டிக் டிக்னு ஒரு சத்தம் போட்டுவிட்டேன், அதைக் கேட்டுக்கிட்டே பாடினாங்க. என் மச்சான் சைலோசிதான் மேல்குரல். பதினாலாந்தேதி அவன் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போறான். அதுக்குள்ள முடியணும். மிச்சம் என் யுகுலேலே மட்டும்தான். நாலு தந்தி, ஆனா எங்க பாட்டுல தாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது அதுதான். முப்பது வருஷமா எல்லாரும் அதுமேல சாஞ்சுதான் பாடறாங்க. இப்ப போட்டுக் கேட்டா, பஸ்ஸை விட்டுட்டுப் பின்னாடி ஓடி வர்றவன் மாதிரி இருக்கு.

பதிஞ்சதை முன்னால இழுத்து வெக்கறதா? வெச்சேனே. முதல் அடி கச்சிதமா உக்காரும். மூணாவது அடியில மறுபடி நழுவிடும். திரையில அளந்தே பாத்தேன். பாட்டு ஆரம்பிக்கறப்ப பிந்தறது இத்துனூண்டு, முடியறப்ப இவ்ளோ. கம்ப்யூட்டர் களைச்சுப் போகுமா தம்பி? நீங்கதான் சொல்லணும்.

சைலோசி என்ன சொன்னான் தெரியுமா? டேய் மச்சான், உன் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் யாங்கோனா ஊத்திக் குடுத்தியாடா, இப்படித் தள்ளாடுதுன்னு. மச்சான்னா அப்படித்தான். அவன் கேலி பண்ணலேன்னாதான் நான் கவலைப்படணும். என் சம்சாரம் லிட்டியாவும் யாங்கோனாவைத்தான் சொல்றா, அந்த வேரைக் கரைச்சுக் குடிக்கறதுதான் கையை மந்தமாக்குதுன்னு. சரின்னு ரெண்டு மாசமா நான் தொடறதில்ல. குடிக்கறவங்க வட்டத்துல போய் உக்காருவேன், கோப்பை வந்தா வயிறு சரியில்லேன்னுடுவேன்.

என்ன பண்றீங்க? வெளிய போற சத்தத்தை உள்ளயே திருப்பி விடறீங்களா? ஓ, அதுவே டிக் டிக் போட்டு அதுவே பதிஞ்சுக்குமா. பண்ணுங்க, பண்ணுங்க.

போட்ட டிக்கும் பதிஞ்ச டிக்கும் ஒண்ணுமேல ஒண்ணா உக்காந்திருக்கே.

கடைசியில பாருங்க. கடைசியிலதான் நழுவும். அங்கயும் இல்லையா? அப்ப பெட்டி சரியாத்தான் இருக்கா.

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. புழுக்கமா இருக்குல்ல? ஃபேனை உங்க பக்கம் திருப்பறேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் போதகர் வந்திருந்தார். அவர் யாங்கோனாக் கோப்பையைக் காலி பண்ணினதும் எல்லாரும் சேர்ந்து வழக்கப்படி மூணு தட்டு கைதட்டினோம், உள்ளங்கையைக் குழிச்சு. உங்களுக்குத் தெரியாததா, நீங்களும் குடிக்கறவர்தானே. எல்லாரும் தட்டி நிறுத்தியாச்சு. என்னோட மூணாவது தட்டு மட்டும் தனியா விழுந்துச்சு. அபெனிசாவுக்கு வாசனையிலயே ஏறிடுச்சுடான்னு சைலோசி என்னைக் காட்டிக் கத்தினான். போதகருக்கே சிரிப்பு தாங்கல. நானும் சிரிச்சேன். எப்படிச் சிரிச்சேன்னுதான் இப்பவும் யோசிக்கறேன்.

டாக்டரும் தட்டத்தான் சொன்னார். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும், பத்து தடவை. ஆறாவதுலயே விரல் சுணங்கிடுச்சு. அது பிப்ரவரியில. நோய் பேரைக் காகிதத்துல எழுதிக் குடுத்தார், யுகுலேலே பெட்டியில துணிக்கு அடியில, லிட்டியா கண்ணுல படாம கிடக்கு. கூடிக்கிட்டேதான் போகும்னார். அம்பத்தாறு வயசுதானே டாக்டர்னேன். தலையை மட்டும் ஆட்டினார். இவருக்கு என்ன தெரியும், கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களைக் கேப்போம்னுதான் உங்களுக்கு போன் பண்ணேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. லிட்டியா எலுமிச்சை இலை டீ எடுத்துக்கிட்டு வர்றா. கட்டாயம் கேப்பா. பெட்டியிலதான் கோளாறு, ஏதோ சாமான் வரணும், நாளாகும்னு சொல்லிடுங்க. பொய்தான். எனக்கும் தெரியுது.

அப்புறம், என் டீயையும் நீங்களே வாங்கிக் கீழ வெச்சுடுங்க. கையில குடுக்க வேணாம்.