வெள்ளை வண்டியில் வலங்கைமான் தார்

"அதான் பாய் நானும் கேக்கறேன். ரோடு போடறான், சரி, போடட்டும். பன்னண்டு வருஷமா குழியா கெடந்த ரோடு, போட வேண்டியதுதான். ஆனா ஒரு போர்டு வைக்க வேணாமா? 'தார் காயல, வராதீங்க'ன்னு ஒரு அட்டையில எழுதித் தொங்கவிட்டா கையா தேஞ்சிடும்? ஒண்ணும் கெடையாது. நான் பாட்டுக்கு வரேன், வண்டி பாட்டுக்கு வருது, டபடபடபன்னு அடியில சத்தம். எறங்கிப் பாத்தா இந்தக் கோலம்..."

அன்சார் தரையில் ஒருக்களித்துப் படுத்து, வண்டியின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. பதில் வராதது ராஜகோபாலனுக்கு எப்போதுமே சௌகரியம். முப்பத்தைந்து வருஷம் கூட்டுறவு சங்கத்து உரக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிறவர்களிடம் பேசிப் பழகியவர். யூரியா வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆகவேண்டும் அவர்கள்.

திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் அன்சாரின் வாட்டர் சர்வீஸ் இருந்தது. வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று. வண்டி முத்து வெள்ளை நிறம். சக்கரத்துக்கு மேலேயிருந்து கதவுகளின் பாதி உயரம் வரைக்கும் கறுப்புப் புள்ளிகள், திட்டுகள். சில திட்டுகளில் வைக்கோலும் ஒட்டியிருந்தது.

"வைக்கோலப் பாக்கறீங்களா? அது தனிக் கதை. தாரத் தாண்டி வந்தா, அந்தப் பக்கம் ரோட்டுல நெல்லு காயப் போட்டிருக்கான். சம்பா அறுப்பு பாருங்க, எவனுக்கும் களம் கெடையாது, ரோடுதான் களம். சக்கரத்துல தாரு, தாருல நெல்லு, நெல்லோட வைக்கோலு. ஒரு அம்மா கரண்டி மாதிரி ஒரு பலகைய வச்சுக்கிட்டு என்னைத் தொரத்திக்கிட்டு வருது. 'யோவ், என் நெல்ல எங்கய்யா கொண்டு போற'ன்னு. நான் என்ன மூட்டையா தூக்கிட்டுப் போறேன்? சக்கரம் தூக்கிட்டுப் போவுது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

அன்சார் எழுந்து உள்ளே போய், ஒரு தெளிப்பானும் நாலைந்து மெத்தென்ற துணிகளும் எடுத்து வந்தார். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கழுவினார். வைக்கோலை ஒவ்வொன்றாக விரலால் எடுத்தார். பிறகு கறுப்புத் திட்டுகளின் மேல் எதையோ தெளித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன, தேய்க்கலியா?"

அன்சார் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு நிமிஷம் ஊறணுமா? சரி, ஊறட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. இல்ல, அவசரம்தான். ஒண்ணர மணி வண்டிக்கு காமு வர்றா. காமு யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமே, மாசத்துக்கு ரெண்டு தடவ இங்க வராளே, டீச்சர். வண்டி அவளோடது. அதாவது, வீட்டு வண்டிதான். ஆனா பேரு அவ பேரு. வாங்கினது அவ. ஓட்டறது அவ. தொடைக்கறது அவ. நான் என்ன பண்றேன்னு கேக்கறீங்களா? உக்காந்து வரேன்."

அவர் மனைவி காமு முப்பத்தோரு வருஷம் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போய் அறிவியல் பாடம் நடத்தியவள். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவாள். ஓய்வு பெற்ற மறுமாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கூடக் கற்றவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது வயது. "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்று ராஜகோபாலன் தினமும் ஒருமுறை கேட்டார். அவள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கி வந்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஓட்டத் தெரியும் பாய். இருபத்தஞ்சு வருஷ லைசென்ஸ். போன வருஷம் நம்ம கேட் தூணுல லேசா ஒரு தட்டு தட்டினேன். தூண் கொஞ்சம் வெளிய தள்ளிக் கட்டியிருக்கான், மேஸ்திரி பண்ண வேல. அன்னையிலேர்ந்து சாவி அரிசி டப்பாவுக்குள்ள. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. புதன்கெழம அவ மாயவரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. அங்க வண்டி நிறுத்த எடம் இல்லன்னு ரயில்ல போனா. வண்டி மூணு நாள் சும்மா நின்னா பேட்டரி எறங்கிடும்ல? எறங்காதா? எறங்கும், எறங்கும். அதான் நேத்து காலையில ஒரு சுத்து ஓட்டிட்டு வருவோம்னு எடுத்தேன். வலங்கைமான் வரைக்கும்."

அன்சார் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, துணியால் ஒரு திட்டைத் துடைத்தார். தேய்க்கவில்லை; ஒற்றி இழுத்தார். கறுப்பு பழுப்பாகி, துணியோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

"பேட்டரிக்கு வலங்கைமான் எதுக்குன்னு பாக்கறீங்க. அங்க என் சித்தப்பா பையன் அச்சுதன் இருக்கான். போன தை மாசம் ஒரு கல்யாணத்துல, பந்தியில, நூறு பேர் உக்காந்திருக்கறச்ச சொல்றான், 'இப்பல்லாம் காமு டிரைவர், ராஜு கிளீனர்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பாயசம் எடுத்துட்டு வந்தவன்கூட சிரிச்சான் பாய். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

அன்சார் அடுத்த கதவுக்கு நகர்ந்தார்.

"அதான், ஒரு நாள் நானே ஓட்டிட்டுப் போயி அவன் வாசல்ல நிறுத்தி, ஒரு ஆரன் அடிச்சு, ஒரு காபி குடிச்சுட்டு வரலாம்னு. அவ்வளவுதான். அவன் பன்னண்டு மணிக்குச் சாப்டுட்டுப் படுத்துருவான். அதுக்குள்ள போவணும். அந்த நேரம் பாத்து இவன் ரோட்ட மறிச்சு..."

அன்சாரின் கை நின்றது.

"மறிச்சுன்னா, பெருசா மறிக்கல. போர்டு இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. சின்னப் போர்டு. ஒரு தார் டிரம் நடுவுல, அதுலேர்ந்து மரத்துக்கு ஒரு கயிறு. இதெல்லாம் ஒரு மறிப்பா? எட்டு கிலோமீட்டர் சுத்திப் போவணுமாம். வேல செய்யற ஒரு பொண்ணு மரத்தடியில சாப்டுக்கிட்டே சொல்லுது, 'ஐயா, ஒரு மணி நேரம் பொறுங்க, இப்பத்தான் ஊத்தினோம், வண்டி நாறிப் போயிடும்'னு. நான் யாரு, எங்க வேல பாத்தவன்னு அதுக்குத் தெரியுமா? எறங்கினேன். கயித்த நானே அவுத்தேன். டிரம்ம உருட்டி ஓரமா விட்டேன். அந்தப் பொண்ணு சோத்துக் கையோட எழுந்து நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு."

தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அன்சார் மறுபடி குனிந்தார்.

"போனேனா? அச்சுதன் வீட்டுல பூட்டு. தஞ்சாவூர் போயிட்டானாம். எதிர்வீட்டு அம்மா சொல்லுது. வண்டிய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'வைக்கப்போர் ஏத்திட்டு வந்தீங்களா'ன்னு கேக்குது. நான் என்ன சொல்ல? தண்ணி குடுங்கன்னு வாங்கிக் குடிச்சுட்டு வந்துட்டேன்."

இப்போது வண்டியின் இடது பக்கம் முழுக்கத் தார் போய்விட்டது. அன்சார் சோப்பு நுரை போட்டுக் கழுவி, துடைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து, பின்கதவின் கீழே குனிந்து, விரல் நுனியால் தடவினார். ராஜகோபாலனும் குனிந்தார். தார் இருந்த இடத்தில் மெல்லிய கீறல்கள். ஒரு தட்டு அகலத்துக்கு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"ஜல்லி" என்றார் ராஜகோபாலன். "ஜல்லி தெறிச்சிருக்கும். ரோடு போடற எடத்துல எல்லா ஜல்லியும்..."

அன்சார் ஆள்காட்டி விரலை நீட்டி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம். ஜல்லி வட்டம் வட்டமாகக் கீறாது என்பதை அதற்கு மேல் யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது.

"சரி" என்றார் ராஜகோபாலன். நடையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "மொதல்ல மண்ணெண்ணெ போட்டேன். கொஞ்சம் வந்துச்சு, பரவிடுச்சு. அப்பறம் தேங்கா எண்ண. அதுவும் நல்லாத்தான் வந்துச்சு, ஊற விட்டிருந்தா வந்திருக்கும். எனக்கு எங்க பொறும? சிங்க்குக்குக் கீழ பாத்திரம் தேய்க்கற கம்பி நார் கெடந்துச்சு. எடுத்தேன். நேத்து சாயங்காலம் பூரா தேச்சேன் பாய். போறாப்பல இருந்துச்சு. தாரு போவுதுன்னுதான் நெனச்சேன். பெயின்டுன்னு தோணல."

அன்சார் கையிலிருந்த தார்த் துணியை மடித்தார்.

"பாய், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. அந்தத் துணியில தாரு இருக்குல்ல? அந்தக் கீறல் மேல மட்டும் கொஞ்சம் திருப்பிப் பூசிட முடியுமா? தாருன்னா ரோட்ட சொல்லலாம். கீறல்னா யாரச் சொல்றது?"

அன்சார் துணியையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். தெருக்கோடிப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. அவர் துணியை வாளியில் போட்டு, சோப்பால் முழங்கை வரை கழுவி, ஆணியில் மாட்டியிருந்த சட்டையையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டார். மீதியை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, ஜும்மாவுக்கு நடந்துவிட்டார்.

பேச ஆளில்லை. ராஜகோபாலன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வலது பக்கம் இன்னும் கறுப்பு. இடது பக்கம் வெள்ளை, வட்டங்களோடு. போன் அடித்தது. காமு.

"ரயில் ஏறிட்டேன்" என்றாள். "சாப்டீங்களா?"

ரோடு, போர்டு, கான்ட்ராக்டர் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. காலையிலிருந்து சொல்லிச் சொல்லி நன்றாகப் பழகியும் இருந்தன. ராஜகோபாலன் பின்கதவின் வட்டங்களைப் பார்த்தார்.

"காமு, அரிசி டப்பாவுலேர்ந்து சாவிய எடுத்துட்டேன். வலங்கைமான் போனேன். ரோட்டுல மறிச்சிருந்தத நானே தள்ளிட்டு, தாருக்குள்ள வண்டிய விட்டேன். அப்பறம் கம்பி நார் போட்டுத் தேச்சு, பெயின்ட கெடுத்துட்டேன். எல்லாம் நான்தான்."

ரயில் சத்தம் மட்டும் கேட்டது. குத்தாலம் தாண்டியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். எதையாவது நினைக்க வேண்டியிருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றாள் காமு.

"இடது. பின்கதவு."

"வலங்கைமான்ல யாரப் பாக்கப் போனீங்க? அச்சுதனையா?"

"ஆமா. அவன் இல்ல."

மறுபடியும் ரயில் சத்தம். அவள் அழுகிறாளோ என்று ஒரு கணம் பயந்தார். அழவில்லை. பாடம் நடத்துகிற குரல் வந்தது.

"ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போவோம். நான் ஓட்டறேன். வண்டி எப்படி இப்படி ஆச்சுன்னு அவன் கேப்பான். இப்ப எனக்குச் சொன்னீங்களே, ஒரு வார்த்த கொறையாம அதயே அவனுக்கும் சொல்லணும். பந்தியில உக்காந்திருந்தவங்க யாராவது இருந்தா அவங்களுக்கும்."

ராஜகோபாலன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"கேக்குதா?"

"கேக்குது. சொல்றேன்."

"அந்த ரோடு அதுக்குள்ள காஞ்சிருக்கும்ல?"

"காஞ்சிருக்கும்" என்றார் ராஜகோபாலன்.