மருந்து தொடாத திசு

பகல் இரண்டு மணி. ஆமாம், பகல்தான். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? கரண்ட் வரும்வரை நெருங்கி உட்காருங்கள்... இது நம் பிரதீஷின் அக்கா விஜிக்கு நடந்தது.

அன்று ஹர்த்தால். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு ஷட்டர் திறக்கவில்லை. ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. பூட்டிய கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை மட்டும் மூக்கில் ஏறியது. தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்க, விஜி கொதித்துக்கொண்டு நடந்தாள். மூளை ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் மூன்று மாதமாக டெக்னீஷியன் வேலை. காலையில் அங்கே தலைவரான சிவசங்கரன் போனில் கத்தியிருந்தார். "டிஷ்யூ உருகியாச்சு, கேட்டியா? திரும்ப ஃப்ரீஸ் பண்ண முடியாது. நடந்தாவது வா!"

வேலை இதுதான். இறந்தவர் மூளையில் ஒரு துளி திசு எடுத்து அரைத்துக் குழாய்களில் ஊற்றுவார்கள். அந்த உயிரணுக்களில் ஏற்பிகள் இருக்கும், வாசல் மணி மாதிரி. மருந்து போய் அழுத்தினால் உள்ளே ஜி புரதம் விழிக்கும். விழித்த புரதம், கூடவே ஊற்றிய கதிரியக்கப் பொருளைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு கவ்வியது என்று ஒரு கருவி எண்ணிச் சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து போடாத குழாய்களும் சில உண்டு. அவற்றில் புரதம் தூங்க வேண்டும். நாலாயிரம் வந்தால் தூக்கம்.

டக்... மருந்து போடாத முதல் குழாய் கருவிக்குள் இறங்கியது. பதினோராயிரம்.

டக்... இரண்டாவது. பதிமூன்றாயிரம்.

"மருந்தை எல்லாத்திலயும் கலக்கி வச்சிருக்கே!" என்றார் சிவசங்கரன்.

"மருந்து போட்ட குழாயெல்லாம் தனி ராக்குல இருக்கு சார். இந்தக் குழாய்ல நான் விடவே இல்ல."

அவரே செய்து பார்த்தார். அதே திசு. நாலாயிரம். மறுபடி விஜி செய்தாள். பதினெட்டாயிரம்.

"உன் கை கொள்ளாது, ஒண்ணுக்கும் உதவாது," என்றார்.

விஜிக்குச் சுருக்கென்றது. அப்படி என்ன திசு என்று பதிவேட்டை இழுத்துப் பார்த்தாள். எண் பதினேழு. ஆண். வயது ஐம்பத்து நாலு. சாக்கடை ஓடையில் விஷவாயு. தேதி...

அந்தத் தேதி அவளுக்கு மனப்பாடம். முகமூடிகூடக் கொடுக்காமல் ஓடைக்குள் இறக்கிவிட்டார்களே, அந்தக் காளி அவளுடைய பெரியப்பா. சொல்லும்போதே வயிறு எரிகிறது. ஆளை முழுசாக எரித்தோம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"இது எங்க பெரியப்பா! யாரைக் கேட்டு எடுத்தீங்க?" விஜி போட்ட கத்தலில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

சிவசங்கரன் ஒரு ஃபைலை அவள் முன்னால் தள்ளினார். அனுமதிக் காகிதம். பெரியம்மா பாப்பாவின் கைநாட்டு. கீழே சாட்சிக் கையெழுத்து, மலையாளத்தில். விஜி.

அன்றைய பிணவறை வராந்தா. ஃபினாயில் நாற்றம். நாலு காகிதம். மூன்று மலையாளம், பெரியம்மாவுக்கு வாசித்துச் சொன்னாள். நாலாவது இங்கிலீஷ். தெரியாத பாஷை இல்லை. ஆனால் அந்த அழுகையில், அந்த அவசரத்தில் அதைப் படிக்கவில்லை. "இதும் அதேதான் பெரியம்மா, வைங்க" என்று அந்தக் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியவளே விஜிதான்.

"பெரியம்மா அறிஞ்சா என்னாகும்?" சிவசங்கரன் குரலைத் தணித்தார். "நீயும் வாய் திறந்து மிண்டாதே, நானும் மிண்டலை."

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிடத் தன்னை. பெரியம்மா கதவைச் சாத்தினால் ஜென்மத்துக்கும் திறக்கமாட்டாள். விஜி தலையாட்டினாள். சொல்வதில்லை என்று முடிவு.

டக்...

கடைசிக் குழாய். கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அதில் வெறும் தண்ணீர்தான் வைப்பார்கள். மருந்து இல்லை, கதிரியக்கம் இல்லை, மூளையும் இல்லை. முப்பது வந்தால் அதிகம்.

நாற்பத்தோராயிரம்.

மறுநாளே விஜி வேலையை விட்டாள். இப்போது அங்கே இருப்பது அவள் தோழி சுபாஷிணி. கருவியை மாற்றியும் பார்த்தார்களாம். அந்தத் தண்ணீர்க் குழாயின் எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் சுபாஷிணி நேரத்தைக் குறித்து மெசேஜ் அனுப்புவாள். ஒவ்வொரு தடவையும், அது விஜி பெரியம்மா வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம்.

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம். சாயா கிளாஸை நீட்டிக்கொண்டே பெரியம்மா கேட்டாள். "அன்னிக்கு அவர் தலையில தையல் போட்டிருந்துச்சே... எதுக்குடி?"

விஜி சாயாவைக் குடித்து முடித்தாள்.

மடியில் போன் அதிர்ந்தது. சுபாஷிணி.

"இன்னிக்கு குழாயே வைக்கலை விஜி. மெஷின் காலி. ஆனா எண்ணிக்கிட்டே இருக்கு..."