பாக்கெட் டாக்டரும் அவர் மனைவியின் கைப்பையும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சக மருத்துவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த டாக்டரின் துணைவியார் அவர்களே, அவரை விட்டுச் சற்றுத் தள்ளியே அமர்ந்திருக்கும் டாக்டரின் அக்கா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அவர் அறைக்கு எதிரே, அறுவை சிகிச்சைப் பிரிவில் இருப்பவன் நான். அவரைப் புகழச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். புகழத்தான் போகிறேன்.

குழந்தையின்மைப் பிரிவின் தலைவர் என்று பலகையில் எழுதியிருந்தாலும், ஊர் அவரைப் பாக்கெட் டாக்டர் என்றுதானே அழைத்தது? கால்சட்டைப் பாக்கெட்டில் செல்பேசி வைத்திருக்கும் ஆண்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. காத்திருப்புக் கூடத்துக்கு அவரே வருவார். மாமியாரும் மைத்துனரும் பார்த்துக்கொண்டிருக்க, புது மாப்பிள்ளையை எழுப்பி நிறுத்துவார். "போனை எடுங்க. உங்க பரம்பரையையே அங்க வச்சு வேக வச்சிட்டு இருக்கீங்க." கூடம் சிரிக்கும். மாப்பிள்ளை தரையைப் பார்ப்பார். எவ்வளவு பெரிய சேவை!

செல்பேசி அலை ஆண்மையைப் பாதிக்குமா? விந்தணுவின் வேகம் குறையலாம் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. பெரிதாக ஒன்றுமில்லை என்பவையும் இருக்கின்றன. காரணம் அலையா, போனின் சூடா, நாள் முழுக்க உட்கார்ந்தே கிடப்பதா என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நம் டாக்டருக்கு அந்தத் தலைவலி இல்லை. மேடைக்கு மேடை தீர்ப்புச் சொன்னார், கைதட்டல் வாங்கினார். புகழ் வந்த பிறகு நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் அவர் பேச்சைக் கேட்டுப் போனையே விட்டார். சவாரிகள் கைநழுவிப் போயின, குழந்தை வரவில்லை. அடிவயிற்று வலியென்று பின்னொரு நாள் என்னிடம் வந்தார். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருந்தது; குழந்தை பிறக்காததற்கு ஆண்களிடம் அடிக்கடி காணும் காரணம். நம் டாக்டர் கை வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்குள் ஓட்டுநரின் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இனி டாக்டரின் சொந்த ஒழுக்கத்தைச் சொல்ல வேண்டாமா? அவர் தன் உடம்பில் போன் வைத்துக்கொண்டதே இல்லை. அது துணைவியாரின் கைப்பையில் இருக்கும். விருந்தானாலும் மாநாடானாலும் அந்த அம்மா பின்னால் நடப்பார். மணியடித்தால் எடுத்துக் கொடுப்பார், பேசி முடித்ததும் வாங்கி வைப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. யாராவது காரணம் கேட்டால் டாக்டர் சிரித்தபடி, "நான் பாக்கெட்ல போன் வச்சதே இல்லைங்க" என்பார். குறை மனைவியிடம்தான் என்று மீதியைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள், கேட்டவர்கள். அக்கா நிரப்பினார். தம்பிக்கு வேறு பெண் பார்க்கவும் கிளம்பினார். தம்பி பெருந்தன்மையோடு மறுத்துவிட்டார் என்று உறவெல்லாம் மெச்சியது.

அந்தப் பெருந்தன்மையை நான் அறுத்துப் பார்த்தவன். குடலிறக்கம் என்று சென்ற ஆண்டு என் மேசையில் படுத்தார், இரண்டு பக்கமும். இரண்டு பக்கமும் விந்துக்குழாய் இல்லை. பிறவியிலேயே இல்லை. அப்படிப்பட்டவருக்கு இயல்பாகக் குழந்தை பிறக்காது. மயக்கம் தெளிந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பதறவில்லை.

"படிக்கிற காலத்துலயே தெரியும். வெளிய போகாம பாத்துக்க."

கல்யாணத்துக்கு முன்பே தெரியும்! நோயாளியின் ரகசியம் என்பதால் அவர் இருந்தவரை வாயைத் திறக்க எனக்கு உரிமையில்லை. அவர் உடல் கிடந்த வீட்டில், வந்தவர்கள் காதுபட அக்கா சொன்னார்: "ஒண்ணப் பெத்துக் குடுக்கத் துப்பில்லாதவ. இப்ப அழுது என்ன?" மறுநாள் டாக்டரின் துணைவியார் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. "குறை யாருகிட்ட இருந்துச்சு டாக்டர்?" என்றார். சொன்னேன். பிறகு, "இரங்கல் கூட்டத்துல சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க" என்றார்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

அன்னார் விட்டுச் சென்ற பணியை நாங்கள் தொடர்வோம். போனைத் தள்ளி வைப்பது நல்லதென்றால் அதையும் சொல்வோம், தெரிந்த அளவுக்கு மட்டும். ஆனால் இந்தக் கட்டடத்தில் இனி ஆண் பரிசோதனைக்கு வராமல் எந்தப் பெண்ணின் மீதும் ஊசி படாது. எந்தப் பெண்ணையும் குறைசொல்ல இங்கே எவரையும் விட மாட்டோம். இது உறுதி.

எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டிய நேரம் இது. அதற்கு முன் ஒருவர் பேச வேண்டியிருக்கிறது. அக்கா அவர்களே, அம்மா உங்கள் வரிசையில்தான் இருக்கிறார். மைக் வைத்திருக்கும் தம்பி, அதை அக்காவிடம் கொடுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.