நாலு விரல் இடைவெளி

பழைய காரில் பின் சீட்டைக் கழற்றுவது கஷ்டமான வேலை இல்லை, ஐயா. அடிசீட்டை முன்பக்கம் தூக்கினால் வந்துவிடும். சாய்மானத்துக்கு இரண்டு போல்ட். சேலைக்கட்டு ஏற்றுவதற்காக எங்கள் தெருவில் பலர் கழற்றியிருக்கிறார்கள். அதனால் யாரும் எதுவும் நினைக்கவில்லை. பக்கத்துத் தறிக்கூடத்துச் செல்லச்சாமி மட்டும், "என்ன வே, காரை லோடு ஆட்டோவா ஆக்கிட்டீரு போல" என்றார்.

சீட்டின் மறுமுனையைப் பிடித்தது என் மகன் லிங்கேஷ்தான். இருபத்தாறு வயது. கல்லூரியில் படிக்கும்போது மனநிலை பிசகியது. அவன் அம்மா இருந்தவரை அவள் பார்த்துக்கொண்டாள். சீட்டுக்கு அடியில் தங்கையின் பழைய ஹேர் கிளிப் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"எங்கனப்பா போறோம்? சுந்தரியும் வாராளா?"

வருவாள் என்றேன்.

என் மகள் சண்முகசுந்தரியைப் பெண் பார்க்க முன்பு இரண்டு குடும்பங்கள் வந்தன. இவனைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. மூன்றாவது ராயகிரிக்காரர்கள். புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள். சிவகிரியில் இருக்கும் என் தங்கை அவனை ஒரு பகல்கூட வைத்துக்கொள்ள முடியாது என்றாள். போன முறை டிவியை உடைத்திருந்தான்.

எனக்கு வேண்டியது இரண்டு மணி நேரம்.

சீட்டு இல்லாவிட்டால் அவன் கால் நீட்டிப் படுக்கலாம். வெளியே தெரியாது. கணுக்கால் புண்ணாகக் கூடாது என்று வேட்டியைக் கிழித்து, அவன் ஒரு காலை சீட் பெல்ட் மாட்டும் போல்ட்டோடு கட்டினேன். தண்ணீரும் முறுக்கும் வைத்தேன். நான்கு கண்ணாடிகளையும் நாலு விரல் இறக்கினேன். தறிக்கூடத்துச் சுவரோரம், வேப்பமர நிழலில் நிறுத்தினேன். முப்பது தறி ஓடும் இடத்தில் கத்தினாலும் கேட்காது.

பதினொன்றரைக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு இவ ஒருத்திதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுந்தரி தரையைப் பார்த்தாள்.

அப்போது கரண்ட் போயிற்று. தறிகள் நின்றன. காரின் கதவை உதைக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா திரும்பிப் பார்த்தார். விசிறி வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

நிழல் நகர்ந்திருந்தது. லிங்கேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். இடைவெளி வழியாகக் கிளிப்பை நீட்டினான்.

"யப்பா, வெக்கையா இருக்கு. இத சுந்தரிட்ட குடு."

"இந்தா வாரேன், மக்கா."

கிளிப்பை வாங்கிக்கொண்டேன். கதவுகளைத் திறந்து, நான்கு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஏற்றினேன். சத்தம் நன்றாகக் குறைந்தது.

ஒரு மணிக்குத் தறிகள் மறுபடி ஓடின. அப்போதே போய்க் கண்ணாடியை இறக்கியிருக்கலாம். பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா நடுவில் காணாமல் போனால் நன்றாக இருக்காது. மூன்றரைக்குப் பூ வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நான்கு மணிக்குக் காருக்குப் போனேன்.

இரண்டு மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். கண்ணாடியை ஏற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ராயகிரிக்காரர்கள் சம்பந்தத்தை முறித்துவிட்டார்களாம். நான் பொய் சொல்லிப் பூ வைக்க வைத்தேனாம். அது மட்டும் நியாயமில்லை, ஐயா. அந்த அம்மா கேட்டபோது நான் சொன்னது பொய்தான். அவர்கள் பூ வைக்கும்போது எனக்குச் சுந்தரி ஒருத்திதான்.