மூலையில் ஒரு பெயர்

செலீன்: பிறகு? அந்த வெள்ளைக்காரனுக்கு அழுகை வந்துதாமோ?

கஸ்பர்: பகிடி பண்ணாதையும் செலீன். என்ரை கட்டுரையை முழுக்கக் கேளும். நூத்தம்பது வருசத்துக்கு முந்திப் பத்திரிகைக்குப் படம் கீறினவன். அவன் கீறுறதை இன்னொருத்தன் மரக்கட்டையிலை செதுக்கினால்தான் அச்சடிக்கலாம். செதுக்கினவன் மூலையிலை கீறினவன்ரை பெயரை விட்டிட்டுத் தன்ரை பெயரைச் செதுக்கிப்போடுவான்.

செலீன்: ஐயோ... எவ்வளவு பெரிய அநியாயம்!

கஸ்பர்: அதுதானே! அந்த ஆத்திரத்திலைதான் இவன், செதுக்கிறவனே தேவையில்லாத ஒரு அச்சுமுறையைக் கண்டுபிடிச்சான். கீறினது கீறினபடி தாளிலை விழும்.

செலீன்: "கலைஞனின் பெயரைத் திருடுவது, அவன் கையைத் துண்டிப்பதற்குச் சமம்"... உதையும் நீங்களோ எழுதினீங்கள்?

கஸ்பர்: ஓம். நல்லாயிருக்கே?

செலீன்: எழுதேக்கை கை நடுங்கேல்லையோ?

கஸ்பர்: என்ன கதை... சரி, எங்கடை இதழின்ரை அட்டைப்படம் முடிஞ்சுதே? பிரஸ்காரன் பாத்துக்கொண்டிருக்கிறான்.

செலீன்: மேசையிலை கிடக்கு. ஃபாக்டரியாலை வந்து, சப்பாத்தும் கழட்டாமல் அந்த வெள்ளைக்காரன்ரை தாடியைக் கீறி முடிச்சனான். மூலை மட்டும் வெறுமையாய்க் கிடக்கு. வழக்கம்போல "கஸ்பர்" எண்டு போடுங்கோ.

கஸ்பர்: திரும்பவும் தொடங்கிட்டீர். பெயர் வேண்டாமெண்டு நீர்தானே சொன்னனீர்?

செலீன்: முதல் இதழுக்கு. வெக்கத்திலை. பிறகு கேட்டனான். "சனத்துக்குக் கஸ்பரைத்தான் தெரியும்" எண்டனீங்கள்.

கஸ்பர்: புருசன் பெண்சாதிக்குள்ளை என்ரை, உம்மடை எண்டு...

செலீன்: அது கிடக்கட்டும். உந்தப் புதுக் கோட் என்னத்துக்கு?

கஸ்பர்: அது... சனிக்கிழமை அஜின்கோர்ட் மண்டபத்திலை எங்கடை தமிழ்ச் சங்கத்தின்ரை விழா. சும்மா...

செலீன்: சும்மாவோ? "ஓவியர் கஸ்பருக்கு"ப் பொன்னாடை போர்க்கினமாம். சங்கத் தலைவர் பத்மநாதன் அண்ணை போன் எடுத்தவர். நீங்கள் வீட்டிலை இல்லை.

கஸ்பர்: ...நீர் அவரிட்டை ஒண்டும் சொல்லேல்லையே?

செலீன்: சீ! உங்களைக் காட்டிக்குடுப்பனே? புகழ்ந்தெல்லோ சொன்னனான்.

கஸ்பர்: அப்பிடியே! என்னெண்டு?

செலீன்: ஆளை ஒருக்காப் பாத்தால் போதும், அந்த இடத்திலையே அச்சொட்டாய்க் கீறிப்போடுவார் எண்டு.

கஸ்பர்: செலீன்...

செலீன்: பத்மநாதன் அண்ணைக்குச் சரியான சந்தோசம். மேடையிலை பெரிய தாளும் கரிக்குச்சியும் வைக்கினமாம். பொன்னாடை போர்த்தின கையோடை, சபைக்கு முன்னாலை அவரை இருத்தி வைச்சுக் கீறுவீங்களாம். கோட்டைக் கழட்டிப்போட்டுக் கீறுங்கோ என்ன... கரி பட்டால் போகாது.