இரண்டு பத்துக்கு நின்ற மூச்சு

வேலைக்கு ஒரு நாளும் நான் தாமதமாகப் போனதில்லை, ஐயா. பத்தொன்பது வருடத்தில் மூன்றே நாள் விடுப்பு. அதிலும் ஒன்று என் கல்யாணத்துக்கு. அந்த ஒழுங்குதான் கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது என்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

தூக்க ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். இரவு ஷிப்ட் முடித்த தொழிலாளர்கள் பகலில் எங்களிடம் வந்து தூங்குவார்கள். தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுவேன். மூக்கடியில் மூச்சை அளக்கும் மெல்லிய குழாயை வைப்பேன். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பக்கத்து அறைக் கணினியில் கோடுகள் ஓடுவதைப் பார்ப்பேன். லாரி டிரைவரோ நர்ஸோ, படுத்த பத்தாவது நிமிடம் கட்டை மாதிரிக் கிடப்பார்கள். எனக்கோ எட்டு வருடமாகக் கண்ணை மூடினாலும் தூக்கம் வராது. மாத்திரை எதுவும் பலிக்கவில்லை. அவர்களைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதனால் உள்ளே போய் மூக்கையும் வாயையும் பொத்துவேன். கொஞ்ச நேரம்தான். முதலில் பதினைந்து நொடி, பிறகு நாற்பது. உடல் துள்ளும். கண் திறப்பதற்குள் கையை எடுத்துவிட்டு, கெட்ட கனவா என்று கேட்டுத் தண்ணீர் கொடுப்பேன். நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தால் சரியாக மணி இரண்டு பத்து ஆகும். தினமும் அந்த நேரம்தான். கேமரா பதிவுகளை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

பிறகு எங்கள் பதிவுகளை இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால் எல்லா நாட்டு விஞ்ஞானிகளும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று தலைமை மருத்துவர் முடிவெடுத்தார். அதற்கென்றே ஒரு பெண் வேலைக்கு வந்தாள். என்னை வாய் நிறைய அண்ணா என்பாள். நூற்றுப்பன்னிரண்டு பேரின் பெயர், ஊர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஏற்றினாள். கடிகார நேரத்தை மட்டும் அப்படியே விட்டாள். பகல் தூக்கத்துக்கு நேரம் முக்கியம் என்று யோசனை சொன்னவனே நான்தான்.

எங்கிருந்தோ ஒரு விஞ்ஞானி கடிதம் எழுதினார். இத்தனை பேருக்கும் இரண்டு பத்துக்கே மூச்சு நிற்கிறதே, நோய் எங்காவது கடிகாரம் பார்க்குமா என்று கேட்டிருந்தார். அவள் என்னிடம்தான் ஓடிவந்தாள்.

"அண்ணா, மெஷின்ல ஏதோ கோளாறு போலிருக்கு. உங்களைத் திட்டுவாரேன்னு டாக்டர்கிட்ட இன்னும் சொல்லல."

"பேசாம எல்லாத்தையும் எடுத்துடும்மா."

"எடுத்து என்ன பண்றது? இருநூறு பேர் டவுன்லோட் பண்ணிட்டாங்க. நான் கேமரா பதிவைப் போட்டுப் பாக்கறேன். உங்க மேல பழி வரக் கூடாதுல்ல."

மறுநாள் மதியம் நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது கேமரா பதிவைப் பார்த்துவிட்டாள். நான் உள்ளே போனபோது கணினியில் என் கை. அவள் கத்தவில்லை. "இந்த லாரி டிரைவர் எழுந்திரிக்கவே இல்லையே அண்ணா" என்றாள். அவர் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது உண்மைதான். ஐந்து நிமிடம் பொத்தியிருந்தேன். மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். நானும் அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன்.

கதவைச் சாத்தித் தாழிட்டேன். அன்று தூங்க யாரும் வரவில்லை. எனக்குத் தூங்குகிறவர்களிடம்தான் பழக்கம். விழித்திருப்பவர்களுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று தெரியாது. கன்னத்தைக் கிழித்தாள், விரலைக் கடித்தாள். இந்தக் கட்டு அதனால்தான். அவள் தலையை மேசை விளிம்பில் மூன்று முறை மோதினேன். பல் ஒன்று கீபோர்டில் விழுந்தது. பிறகு பக்கத்து அறைத் தலையணையை எடுத்து முகத்தில் வைத்து, அசைவு நின்ற பிறகும் அழுத்தியபடியே இருந்தேன். இரண்டு பேரையும் கொன்றது நான்தான், ஐயா. வேறு யாரையும் தேட வேண்டாம்.

அவளைக் கட்டிலில் கிடத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் சாய்ந்தேன். அப்படியே தூங்கிப்போனேன். எட்டு வருடம் கழித்து வந்த தூக்கம். நீங்கள் கதவை உடைத்து உலுக்கும்வரை எனக்கு நினைவே இல்லை. பாவம், காலையில் வந்ததும் நன்றாகத் தூங்கினீர்களா என்று என்னைத் தினமும் கேட்டவள் அவள் ஒருத்திதான். இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாள்.